ஒரு வாரப் பந்தயத்தில் வெல்பவர் மூன்று வாரப் பந்தயத்தில் ஏன் தளர்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்முறைச் சைக்கிள் பந்தயங்களைப் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் இரண்டாவது ஆண்டிலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். மார்ச் மாதம் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிய வீரர், ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸில் முதல் பத்து இடங்களுக்குள் வரவே திணறுகிறார். அதே கால்கள், அதே சைக்கிள், பெரும்பாலும் அதே எதிராளிகள். பிறகு எங்கே தவறுகிறது? இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் அந்தக் குழப்பத்தைச் சுற்றியே அமைந்தவை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவைச் சேர்ந்த ரிச்சி போர்ட்டின் வாழ்விலிருந்து வருகிறது. இந்தக் கேள்வியை அவரைவிடத் தெளிவாகக் காட்டும் வீரர் அண்மைக் காலத்தில் எவரும் இல்லை என்பது என் கருத்து.

குறுகிய பந்தயம், பெரும் சுற்று என்று பிரிப்பது எதை வைத்து?

நாட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா, ஸ்பெயினின் வுவெல்டா ஆகிய மூன்றும் பெரும் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் 21 கட்டங்கள் உண்டு. ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். இடையே ஓய்வு நாட்கள் வருவதால் பந்தயம் மூன்று வாரங்களுக்கு மேல் நீள்கிறது. மொத்தத் தூரம் 3,300 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பாரிஸ்–நீஸ், திர்ரேனோ–அத்ரியாத்திகோ, கட்டலோனியச் சுற்று, பாஸ்க் நாட்டின் இட்ஸுலியா, ரொமாண்டி, டோஃபினே, சுவிஸ் சுற்று ஆகியவை எட்டு நாட்களுக்குள் முடிந்துவிடும். எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரை வெற்றியாளர் என்று அறிவிக்கும் விதி இரண்டுக்கும் பொதுவானது. விதி ஒன்றாக இருப்பதால்தான் இரண்டும் ஒரே வகைப் போட்டி என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

மூன்று வாரம் என்பது ஒரு வாரத்தின் மூன்று மடங்குதானே? ஒரு வாரம் வெல்பவரால் மூன்று வாரம் ஏன் முடியாது?

ஒரு வாரப் பந்தயம் ஒருவருடைய திறனின் உச்சத்தை அளக்கிறது. மூன்று வாரப் பந்தயமோ அந்த உச்சம் நாளுக்கு நாள் எவ்வளவு தேய்கிறது என்பதையும் சேர்த்து அளக்கிறது. புத்துணர்ச்சியோடு இருக்கும்போது இரண்டு வீரர்கள் சமமாக மலையேறலாம். ஆனால் பதினாறு நாள் ஓட்டத்துக்குப் பிறகு, அன்றைய தினமும் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைசி மலையின் அடிவாரத்துக்கு வரும்போது, ஒருவரிடம் பழைய ஆற்றலில் நூற்றுக்கு 97 பங்கும் மற்றவரிடம் 92 பங்கும் மிஞ்சியிருக்கலாம். ஐந்து பங்குதானே என்று தோன்றும். செங்குத்தான மலையில் வேகம் ஏறக்குறைய ஆற்றலின் விகிதத்திலேயே குறைவதால், 40 நிமிட ஏற்றத்தில் அந்த ஐந்து பங்கு கிட்டத்தட்ட இரண்டு நிமிடமாகிவிடும். இரண்டு நிமிடம் இருந்தால் ஒரு வாரப் பந்தயத்தில் பெரும்பாலும் வென்றுவிடலாம். பெரும் சுற்றில் ஒரே பிற்பகலில் அதை இழந்துவிடலாம்.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

முதலில் உணவு. 1980களில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் டூர் டி பிரான்ஸ் வீரர்களை அளந்து பார்த்தபோது, ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 6,000 கிலோகலோரி செலவிடுவது தெரிந்தது. இது உட்கார்ந்து வேலை செய்பவரின் தேவையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்வளவையும் உண்டு, செரித்து, மறுநாள் காலைக்குள் தசைகளில் மீண்டும் சர்க்கரையாகச் சேமிக்க வேண்டும். இந்த இடத்தில் கால்களைவிடக் குடல்தான் பேசுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 500 கிலோகலோரி மட்டும் குறைவாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் அது அரைக் கிலோ கொழுப்புக்கும் குறைவு. மெலிந்திருப்பது மலையில் கொஞ்சம் நன்மையாகக்கூட முடியும். மூன்று வாரத்தில் அது 10,500 கிலோகலோரி. கொழுப்பு மிகக் குறைந்த உடலில் அந்தப் பள்ளத்தை நிரப்பத் தசையும் கரையத் தொடங்கும். மலைமேல் நான்காவது மணி நேரத்தில் தொண்டைக்குள் இறங்க மறுக்கும் ஒரு சோற்று உருண்டை, மறுநாள் காலையில் கால்களில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

அடுத்தது மீட்சி. தொடர்ந்து பல நாள் ஓட்டும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, சிவப்பணுக்களின் செறிவு குறைகிறது. இதயம் முன்பு தொட்ட உச்சத் துடிப்பை மூன்றாவது வாரத்தில் தொட மறுக்கிறது. வீரர் எவ்வளவு முயன்றாலும் கருவியில் எண் ஏறாது. நோய் எதிர்ப்பு தளர்வதால் சளி, தொண்டைக் கரகரப்பு, வயிற்றுக் கோளாறு ஆகியவை அணிப் பேருந்துக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவுகின்றன. இவை எல்லாம் எல்லோருக்கும் நேர்கின்றன. எவருக்கு மெதுவாக நேர்கின்றன என்பதுதான் பெரும் சுற்றின் போட்டி.

தூக்கத்தை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பார்வையாளர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். கட்டம் முடிந்ததும் பேருந்தில் நெடும்பயணம், புது விடுதி, புது மெத்தை, தாமதமான இரவு உணவு, சில இடங்களில் குளிர்சாதனம் இல்லாத அறை. இது மூன்று வாரம் தொடர்கிறது. 2015 ஜிரோவில் ரிச்சி போர்ட் ஓட்டிய ஸ்கை அணி, அவர் தினமும் ஒரே படுக்கையில் தூங்க வேண்டும் என்பதற்காகவே ஒரு வீட்டு வண்டியை விடுதிக்கு விடுதி ஓட்டிக்கொண்டு போனது. எல்லா அணிகளுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று உலகச் சைக்கிள் சம்மேளனம் பிறகு அதைத் தடைசெய்துவிட்டது. ஒரு அணி அவ்வளவு பாடுபட்டதும், ஒரு சம்மேளனம் அதைத் தடுக்கும் அளவுக்குப் பொருட்படுத்தியதும் தூக்கத்தின் விலையைச் சொல்கின்றன.

ரிச்சி போர்ட்டை ஏன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்கிறீர்கள்?

அவர் வென்ற ஒரு வாரப் பந்தயங்களின் பட்டியலைப் பாருங்கள்: பாரிஸ்–நீஸ் 2013, 2015, கட்டலோனியா 2015, ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டர் 2017, 2020, ரொமாண்டி 2017, சுவிஸ் சுற்று 2018, டோஃபினே 2021. இவற்றில் ஒன்றை வென்றாலே ஒரு வீரரின் வாழ்நாள் நிறைவு பெற்றுவிடும். பெரும் சுற்று ஒன்றைக்கூட அவர் வென்றதில்லை.

தோற்ற விதங்களை நெருங்கிப் பார்த்தால் ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. 2013 டூரில், எட்டாவது கட்டத்தில் ஆக்ஸ் த்ரோவா டொமேன் உச்சியில் தம் அணித்தலைவர் கிறிஸ் புரூமுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, மொத்தப் பட்டியலிலும் இரண்டாம் இடத்தில் அமர்ந்தார். மறுநாளே பிரனீஸ் மலையில் கிட்டத்தட்ட 18 நிமிடம் இழந்தார். 2014இல் புரூம் விழுந்து விலகியதால் தலைமை போர்ட்டிடம் வந்தது. பன்னிரண்டு கட்டங்கள் வரை இரண்டாம் இடத்தைக் காத்தார். பதின்மூன்றாவது நாள், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், ஷாம்ரூஸ் ஏற்றத்தில் அவர் மெதுவாகப் பின்னே நழுவினார். திடீர்த் தாக்குதல் எதற்கும் அவர் பலியாகவில்லை. முன்னால் போன சக்கரம் ஓரடி விலகியது, பிறகு இரண்டடி, பிறகு ஒரு வளைவு. கிட்டத்தட்ட 9 நிமிடம் போய்விட்டது.

2015இன் முதல் பாதியில் அவரைத் தொட ஆளில்லை. பாரிஸ்–நீஸின் கடைசி நாளில், நீஸ் நகருக்கு மேலே உள்ள கோல் டேஸ் குன்றில், கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் சுமார் 20 நிமிடத் தனிநேர ஓட்டத்தில் வென்று கோப்பையையும் வென்றார். 20 நிமிடம், ஒரே ஏற்றம், ஒரே மூச்சு. அவருக்கென்றே செய்த சோதனை போல அது இருந்தது. மே மாதம் ஜிரோவின் பத்தாவது கட்டத்தில் கடைசிக் கிலோமீட்டர்களில் டயர் பஞ்சர் ஆனது. வேறு அணியில் ஓட்டிய சக ஆஸ்திரேலியர் சைமன் கிளார்க் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிற அணியினரின் உதவி விதிக்கு முரண் என்பதால் போர்ட்டுக்கு இரண்டு நிமிடம் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு நண்பரின் நல்ல மனம் இருவருக்கும் தண்டனையாக முடிந்த அந்தக் காட்சியை நான் இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். அதன்பின் விழுந்து அடிபட்டு, இரண்டாவது ஓய்வு நாளில் பந்தயத்தை விட்டே விலகினார்.

2016 டூரின் இரண்டாம் நாளிலேயே பஞ்சரால் 1 நிமிடம் 45 விநாடி போயிற்று, ஐந்தாவதாக முடித்தார். 2017இல் மோன் டு ஷா இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பும் காறையெலும்பும் முறிந்தன. 2018இலும் அதே ஒன்பதாவது கட்டத்தில் விழுந்து காறையெலும்பு முறிந்தது. சோர்வு, பஞ்சர், விபத்து என்று எல்லாமே இந்தப் பட்டியலில் உள்ளன.

விபத்தும் பஞ்சரும் துரதிர்ஷ்டம்தானே? அதைத் திறமைக் குறைவோடு ஏன் சேர்க்க வேண்டும்?

சேர்க்க வேண்டாம். ஆனால் நாட்களோடு சேர்க்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்குப் பெரிய இழப்பு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் அது நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 13. இருபத்தொரு நாளில் 35. மூன்று முறை முயன்றால் ஒரு முறை விதி குறுக்கே வரும் என்று பொருள். ஒரு வாரப் பந்தயங்கள் ஆண்டுக்குப் பல இருப்பதால் ஒன்றில் விழுந்தவர் அடுத்த மாதம் இன்னொன்றில் ஈடுகட்டலாம். டூர் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே வருகிறது. உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளோ ஒருவருக்கு ஐந்தாறுதான்.

மலைகளும் வேறுபடுகின்றனவா?

ஆம், பருவத்தின் காரணமாக. மார்ச் மாதம் ஆல்ப்ஸின் உயர்ந்த கணவாய்கள் பனியால் மூடிக் கிடப்பதால், பாரிஸ்–நீஸின் பெரிய ஏற்றங்கள் 1,600 மீட்டரை ஒட்டி நின்றுவிடுகின்றன. டூரில் கலிபியே 2,642 மீட்டர், இசெரான் 2,764 மீட்டர். ஜிரோவில் ஸ்டெல்வியோ 2,758 மீட்டர். 2,000 மீட்டருக்கு மேல் பிராணவாயு குறைவதை எல்லா உடலும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. போர்ட் 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு வென்ற அடிலெய்டு அருகிலுள்ள வில்லுங்கா குன்று சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம் கொண்டது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் உயரத்தை மட்டும் காரணமாக்கவும் முடியாது. 2015, 2017 ஆண்டுகளில் சுவிஸ் சுற்றை வென்ற ஸ்லோவேனியாவின் சிமோன் ஷ்பிலாக், 2017இல் 2,700 மீட்டருக்கு மேலுள்ள சோல்டன் பனிப்பாறைக் கட்டத்திலேயே வென்றவர். குளிரும் மழையும் அவருக்கு உகந்தவை. பெரும் சுற்றுகளில் அவர் பெயர் முன்வரிசைக்கு வந்ததில்லை.

சில விநாடி வித்தியாசத்தில் முடிவாகும் பந்தயத்தில் எப்படிப்பட்ட வீரருக்குச் சாதகம்?

வேகமான முடிவுகளில் கூர்மையாக இருப்பவருக்கும், தனிநேர ஓட்டத்தில் வல்லவருக்கும், கட்டத்தின் முடிவில் முதல் மூவருக்குத் தரப்படும் 10, 6, 4 விநாடிக் கழிவைப் பொறுக்கிச் சேர்ப்பவருக்கும். பாரிஸ்–நீஸில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 2016இல் கெரைன்ட் தாமஸ் அல்பெர்ட்டோ கொண்டடோரை 4 விநாடியில் வென்றார். 2017இல் செர்ஹியோ ஏனாவ் அதே கொண்டடோரை 2 விநாடியில் வென்றார். 2018இல் மார்க் சொலேர் சைமன் யேட்ஸை 4 விநாடியில் வென்றார். ஏனாவ் டூரில் பெரும்பாலும் மற்றவருக்காக உழைத்தவர். கொண்டடோரோ மூன்று பெரும் சுற்றுகளையும் வென்றவர். எட்டு நாள் ஓட்டத்தில் அவர்களுக்கிடையே ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் வித்தியாசம். பெரும் சுற்றில் இந்தச் சில்லறைகள் மலைமேல் போகும் நிமிடங்களுக்குள் கரைந்துவிடுகின்றன.

ஷான் கெல்லியும் இந்த வகையா?

அயர்லாந்தின் ஷான் கெல்லி 1982 முதல் 1988 வரை பாரிஸ்–நீஸைத் தொடர்ந்து ஏழு முறை வென்றார். டூரில் அவர் எட்டிய சிறந்த இடம் 1985இல் பெற்ற நான்காவது. ஆகவே பலர் அவரை ஒரு வார வீரர் என்றே எழுதினர். 1987 வுவெல்டாவில் மொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் ஜெர்சி உடலில் இருக்கும்போதே, முடிய மூன்று நாள் இருக்கையில், இருக்கை உரசியதால் வந்த கட்டியின் வலி தாங்காமல் இறங்கிவிட்டார். வெற்றி கொலம்பியாவின் லூயிஸ் எர்ரேராவுக்குப் போனது. ஏழு நாள் பந்தயத்தில் அந்தக் கட்டி ஒரு தொல்லையாக மட்டும் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு திரும்பி வந்து கெல்லி வுவெல்டாவை வென்றார்.

அணி ஒருவரை ஒரு வார வீரராகவே வைத்திருக்க முடியுமா?

முடியும், அடிக்கடி நடக்கிறது. போர்ட் தம் நல்ல ஆண்டுகளில் சிலவற்றைத் தம் அணித்தலைவர்களான பிராட்லி விக்கின்ஸுக்கும் புரூமுக்கும் முன்னால் காற்றைக் கிழித்தே கழித்தார். அமெரிக்காவின் மட்டேயோ ஜோர்கென்சன் 2024, 2025 இரு ஆண்டுகளும் பாரிஸ்–நீஸை வென்றவர்; ஜூலை வந்தால் அவர் வேலை அணித்தலைவர் யோனாஸ் விங்கெகோவைக் காப்பது. இப்படிப்பட்டவர்களின் மூன்று வார முடிவுகளைப் படிக்கும்போது, அவர்கள் யாருக்காக ஓட்டினார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இது மனவலிமைக் குறைவு இல்லையா?

இந்தக் குற்றச்சாட்டு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஷாம்ரூஸில் 9 நிமிடம் இழந்தவர் மறுநாள் காலையில் மறுபடியும் சைக்கிள் ஏறினார். இடுப்பெலும்பு முறிந்தவர் அடுத்த ஆண்டு சுவிஸ் சுற்றை வென்றார். மூன்று வாரம் ஒவ்வொரு நாளும் கூட்டத்தின் முன்வரிசையில் இடம்பிடிக்கப் போராடுவதும், செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வதும், பக்கக்காற்று வீசும் சமவெளியில் ஒரு கணமும் கண்ணயராமல் இருப்பதும் மனத்தைத் தேய்க்கின்றன என்பது உண்மை. அதுவும் ஒரு சோர்வு. தூக்கமும் உணவும் கெட்டால் அதுவும் சேர்ந்து கெடும்.

ஒரு வார வீரர் பெரும் சுற்று வீரராக மாற முடியுமா?

சிலர் மாறியிருக்கிறார்கள். பிரிமோஷ் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாவலிலிருந்து சைக்கிளுக்கு வந்தவர். 2018இல் இட்ஸுலியா, ரொமாண்டி. 2019 வசந்தத்தில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்று, திர்ரேனோ, மறுபடி ரொமாண்டி என்று அள்ளினார். அந்த ஆண்டு ஜிரோவில் முதல் வாரம் பறந்து, மூன்றாவது வாரத்தில் மங்கி, மூன்றாவதாக முடித்தார். அவருக்கும் ஒரு வார வீரர் என்ற முத்திரை தயாரானது. ஆனால் சில மாதங்களிலேயே வுவெல்டாவை வென்றார். அதை மொத்தம் நான்கு முறையும், 2023இல் ஜிரோவையும் வென்றுவிட்டார். வசந்தப் போட்டிகளைக் குறைத்து, உச்சத்தைத் தள்ளிப்போடுவதும், பெரும் சுற்றுகளை மீண்டும் மீண்டும் ஓட்டி உடலைப் பழக்குவதும் உதவுகின்றன. குடலின் கொள்ளளவைக்கூடப் பயிற்சியால் கூட்டலாம். இன்றைய வீரர்கள் ஓட்டத்தின்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மீளும் வேகத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாட்டைப் பயிற்சி குறைக்கும், அழிக்காது.

மறுதலையாக, மூன்று வாரத்தில் மட்டும் மிளிர்பவர்கள் உண்டா?

உண்டு. 2008 டூரை வென்ற ஸ்பெயினின் கார்லோஸ் சாஸ்திரே அப்படிப்பட்டவர். ஒரு வாரப் பந்தயங்களில் அவர் பெயர் பெரிதாக ஒலித்ததில்லை. மற்றவர்கள் தேயும்போது அவர் தேயாமல் இருந்தார். மூன்றாவது வாரத்தில் ஆல்ப் டுவெஸ் மலையில் தனியே போய், முதலிடத்தைக் குறிக்கும் மஞ்சள் ஜெர்சியை எடுத்தார்.

மகளிர் பந்தயங்களில் இந்தப் பிரிவு உண்டா?

இதே வடிவில் இல்லை. இன்றைய வடிவில் 2022இல் தொடங்கிய மகளிர் டூர் டி பிரான்ஸ் முதல் மூன்று ஆண்டுகளில் எட்டுக் கட்டங்களே கொண்டிருந்தது. அங்கே மிகப் பெரிய பந்தயமே ஒரு வாரப் பந்தயம். 2024இல் கத்தார்சினா நியெவியடோமா, டெமி வொல்லெரிங்கை 4 விநாடியில் வென்றார்.

ஒரு வாரப் பந்தயத்தை வெல்வது இரண்டாம் தர வெற்றியா?

டூருக்கான ஒத்திகை என்று டோஃபினேயைச் சொல்லும் வழக்கம் உண்டு. அங்கே ஓட்டுபவர்கள் அப்படி ஓட்டுவதில்லை. 2017இல் அதன் கடைசி நாளில் போர்ட் மஞ்சள் ஜெர்சியோடு புறப்பட்டு, யாகோப் ஃபுக்ல்சாங்கிடம் 10 விநாடியில் கோப்பையை இழந்தார்.

2020 டூர் கொரோனா காரணமாக ஆகஸ்ட் இறுதியில் தொடங்கியது. ஏழாவது கட்டத்தில் பக்கக்காற்றில் கூட்டம் உடைந்து 1 நிமிடம் 21 விநாடி போயிற்று. கடைசி வாரத்தில் கிளியேர் பீடபூமியின் சரளைக்கல் பாதையில் பஞ்சரும் ஆனது. ஆனாலும் 35 வயதில் போர்ட் மூன்றாவதாக முடித்துப் பாரிஸ் மேடையில் ஏறினார். அதன்பின் மறுபடி துணை வீரராகப் பழைய அணிக்கே திரும்பினார். 2021 ஜூனில் டோஃபினேயின் ஏழாவது நாள், லா பிளாங் உச்சியில் மஞ்சள் ஜெர்சி அவரிடம் வந்தது. கடைசி நாளில் ஜூ பிளான் கணவாயில் எதிராளிகள் தாக்கினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இழந்ததை இந்த முறை விடவில்லை. அலெக்ஸி லுட்சென்கோவை 17 விநாடியில் வென்றார்.